ஒரே விரலால் காட்டு, தம்பி

எங்கள் ஊரில் விளையாடுகிற பிள்ளைக்குக் கணுக்கால் வலித்தால் முதலில் எண்ணெய், அடுத்து நீவிவிடுகிற தாத்தா, அதற்கும் பிறகுதான் நான். பிசியோதெரபிஸ்ட் என்பதால் நானும் நீவிவிடுவேன் என்றே பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். நானோ தொடுவதற்கு முன், "வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டு" என்பேன். உள்ளங்கையால் பொத்திக் காட்டினால் விடமாட்டேன்.

வெளிப்பக்க எலும்பு முண்டுக்குச் சற்று முன்னால், கீழே உள்ள பள்ளத்தில் விரல் நின்றால் பெரும்பாலும் எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வில்தான் காயம். எலும்பின் மேலேயே நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையருகே, எலும்பு நீள்கிற இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஜவ்வு தாங்கும் இழுப்பை அது தாங்காமல் போகலாம்.

அண்மையில் ஒரு பையன் வந்தான். பன்னிரண்டு வயது, வாலிபால் ஆட்டக்காரன். பந்தைத் தடுக்கக் குதித்து எதிரணிப் பையனின் பாதத்தின் மேல் இறங்கியிருக்கிறான். எலும்பு நுனிக்குச் சற்று மேலே அழுத்தியதும் துள்ளினான். நான்கு எட்டு நடக்கச் சொன்னேன். இரண்டாவதிலேயே அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதிகளும் இதைத்தான் கேட்கின்றன: கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலியா, நான்கு எட்டு வைக்க முடியவில்லையா, எக்ஸ்ரே எடு.

எடுத்தார்கள். முறிவு தெரியவில்லை. "ஒன்றுமில்லையே சார், அடுத்த வாரம் மண்டலப் போட்டி இருக்கிறதே" என்றார் அப்பா. இடம் விலகாத வளர்ச்சித் தட்டுக் காயம் படத்தில் தெரியாமலும் போகலாம். எலும்பு மருத்துவரும் அதையே சொல்லிக் கணுக்கால் அசையாமலிருக்கக் காலுக்குப் பூட் மாட்டிவிட்டார். அப்பாவுக்கு இருவர் மேலும் கோபம்.

குதிகாலைக் காட்டும் பிள்ளைகளுக்கு அடிபட்ட நினைவே இருக்காது. ஓடினால் வலி, உட்கார்ந்தால் இல்லை. குதிகாலை இருபுறமும் சேர்த்து அழுத்தினால் முகம் சுளிக்கும். 1912-இல் ஜேம்ஸ் செவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த, குதிகாலின் வளர்ச்சித் தட்டில் வரும் தொல்லை இது. 8 முதல் 14 வயதுக்குள் வரும். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையை நீட்டிப் பழகினால் போதும். ஸ்கேன் வேண்டியதில்லை.

அடிக்கடி பிசகுகிற கால்தான் என்னை உட்காரவைத்து யோசிக்கச் செய்யும். அந்தப் பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பேன். தட்டைப் பாதத்தில் வளைவு எழாமல், குதிகாலும் உள்பக்கம் திரும்பாமல் நின்றால், பாத எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருக்கக்கூடும். அதற்குப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். பட்டை கட்டிக்கொண்டு ஆடு என்று சொல்லும் பயிற்சியாளர்கள் தயவுசெய்து இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு கணுக்கால் வீங்கினாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கலைத்தாலோ என்னிடம் வர வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.