எண்ணுக்கு முன் கேள்வித்தாள்: கிராமத்துப் பெண்களின் வேலை குறித்து இணையத்தில் ஆதாரம் திரட்டுவது

தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனை சதவீதப் பெண்கள் வேலை செய்கிறார்கள்? 2011ஐ ஒட்டிய காலத்துக்கு இதைத் தேடினால் மூன்று விடை கிடைக்கும். ஒன்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மற்ற இரண்டும் 2011-12 தேசிய மாதிரி ஆய்வின் 68ஆவது சுற்றிலிருந்து வருபவை: கடந்த ஓராண்டை வைத்துச் சொல்லும் வழக்கமான வேலைநிலைக் கணக்கு ஒன்று, கடந்த ஏழு நாளை வைத்துச் சொல்லும் வாரக் கணக்கு ஒன்று. மூன்றும் அரசு வெளியிட்டவை, மூன்றும் ஒத்துப்போகாதவை. இதில் எது பொய் என்று தோண்டத் தொடங்கினால் ஒரு வாரம் போய்விடும். எதுவும் பொய்யில்லை. கேட்ட கேள்விதான் வேறு. அதனால் சமூக அறிவியலில் தரவு தேடுபவர் முதலில் இறக்க வேண்டியது எண் அட்டவணையை அல்ல, கேள்வித்தாளையும் களப் பணியாளருக்குத் தந்த அறிவுரைக் கையேட்டையும்.

இவை இரண்டும் ஒன்றிய புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் ஒவ்வொரு ஆய்வின் பக்கத்திலும் கிடக்கின்றன. பெயர் பதிந்தால் போதும், கட்டணம் இல்லை. 2017 முதல் நடக்கும் பிஎல்எஃப்எஸ் எனும் உழைப்புப் படை ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொருவருக்கும் வேலைநிலைக் குறியீடு ஒன்று உண்டு. 11 என்றால் சொந்தத் தொழில், 21 என்றால் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர், 51 என்றால் தினக்கூலி. 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, மாட்டுக்குத் தீவனம் சேர்ப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது போன்றவை. 11, 21, 51 எல்லாம் உழைப்புப் படைக்கு, அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த கணக்குக்கு, உள்ளே. 92, 93 வெளியே.

இப்போது நான்கு ஆடு வைத்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் புல் அறுக்கிறார், மாலையில் ஓட்டிவந்து கட்டுகிறார், பொங்கலுக்கு முன் ஒரு கிடாவை விற்கிறார். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "வீட்லதான் சும்மா இருக்கேன்" என்பார். கணக்கெடுப்பவர் அதோடு எழுதிக்கொண்டு போனால் 92. "ஆடு யாரு பாக்குறது? விக்கிறீங்களா?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் 11 அல்லது 21 ஆகிவிடலாம். ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ செய்த வேலையைத் துணை வேலையாகச் சேர்ப்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. முதன்மை வேலையை மட்டும் எடுத்த கட்டுரையும், துணை வேலையையும் சேர்த்த கட்டுரையும் ஒரே கோப்பிலிருந்து வேறு வேறு எண் காட்டும். எதை எடுத்தார் என்று சொல்லாத கட்டுரையை மேற்கோளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அதை எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி.

கோப்பை இறக்கியதும் பலர் தடுக்கி விழுவது எடையில், அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்ணில். 2017-18 தொடங்கிப் பல ஆண்டுகளின் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள். எந்த எழுத்திடத்தில் எந்தத் தகவல் என்பது கூடவே வரும் எக்செல் தாளில் இருக்கும். மல்டிப்ளையர் என்ற பத்தியை அப்படியே எடையாகப் போட்டால் நாட்டின் மக்கள்தொகை எங்கோ போய் நிற்கும். NSS, NSC என்று அந்தத் தாளில் வரும் இரண்டு எண்களும் சமமாக இருந்தால் மல்டிப்ளையரை 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200ஆல். ஆண்டுக் கணக்குக்குக் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இவையெல்லாம் தரவோடு வரும் ரீட்மீ என்ற குறிப்புக் கோப்பில் நாலு வரியில் இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. இன்னொன்று, ஒரு வீட்டுக்கு முதலில் போனபோது எடுத்த முதல் வருகைக் கோப்பும், அதே வீட்டுக்குத் திரும்பப் போய் எடுத்த மறுவருகைக் கோப்பும் தனித்தனி. 2024 வரை மறுவருகை நகரத்துக்கு மட்டும்தான். கிராமக் கணக்குக்கு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

சொந்தக் கணக்கு எதையும் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அச்சிட்ட ஆண்டறிக்கையில் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களுக்கான ஒரு சதவீதத்தை எடுத்து, உங்கள் கோப்பிலிருந்து அதையே வரவழைத்துப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள முதல் இலக்கம் வரை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் காரணம் எடை. இல்லையென்றால் 15 வயதுக்கு மேற்பட்டோர் என்ற வடிகட்டி விட்டுப்போயிருக்கும்.

மாவட்ட எண் வேண்டும் என்று நெறியாளர் கேட்டால் பிஎல்எஃப்எஸ் பக்கம் போகாதீர்கள். 2024 வரையிலான மாதிரி மாநில அளவுக்கு வடிவமைத்தது. மாவட்டமாக உடைத்தால் சில நூறு பேரை வைத்துப் பேச வேண்டியிருக்கும். மாவட்டத்துக்கும் அதற்குக் கீழே கிராமத்துக்கும் இறங்க வேண்டுமென்றால் இன்னமும் 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுதான். அதில் முதல் பகுதி ஊர்களின் வசதிப் பட்டியல், இரண்டாம் பகுதி ஊர்வாரியாக ஆட்கணக்கு. அங்கே ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் 'மெயின்', குறைவாகப் பார்த்தவர் 'மார்ஜினல்'. பெண்களின் நடவு, களை, அறுப்பு வேலையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது பத்தியில் ஒதுங்கிக் கிடக்கும். அதை விட்டுவிட்டு மெயினை மட்டும் எடுத்த ஆய்வேடுகள் கொஞ்சமில்லை. மாவட்ட எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2011இல் 32 மாவட்டம், இப்போது 38. கள்ளக்குறிச்சிக்கோ தென்காசிக்கோ 2011 எண் வேண்டுமென்றால் வட்டம் வட்டமாகக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

சம்பளமில்லா வேலையைப் பேசுவதாக இருந்தால் நேரப் பயன்பாட்டு ஆய்வு, 2019இலும் 2024இலும் நடந்தது. முந்தைய நாள் காலை 4 மணி முதல் 24 மணி நேரத்தை அரை அரை மணியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். "சும்மா இருக்கேன்" என்றவர் சும்மா இல்லை என்பது அதில் வெளியே வந்துவிடும். 1998-99இல் ஆறு மாநிலங்களில் நடந்த முன்னோட்ட ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு.

அடுத்தது கட்டுரைகள். கூகுள் ஸ்காலரில் தமிழ்நாட்டு விஷயத்தைத் தேடுபவருக்கு எழுத்துக்கூட்டல்தான் முதல் எதிரி. தஞ்சாவூரை இப்போதைய ஆங்கில எழுத்தில் மட்டும் தேடினால் 'டாஞ்சூர்' காலத்துக் கட்டுரைகள் கைவிட்டுப் போகும். திருநெல்வேலிக்கு 'டின்னவெல்லி', திருச்சிக்கு 'டிரிச்சினாப்பொலி', ராமநாதபுரத்துக்கு 'ராம்நாட்'. ஊர்ப் பெயரில் நிலைமை இன்னும் மோசம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வு செய்து, 1918இல் நூலாக்கினார். அதில் 'எருவெள்ளிப்பேட்' என்று இருக்கும் தென்னார்க்காட்டு ஊர்தான் பிந்தைய கட்டுரைகளில் வரும் இருவேல்பட்டு. இரண்டு எழுத்திலும் தேடினால்தான் ஒரே ஊரை 1916இலிருந்து 2008 வரை தொடரும் ஆய்வு வரிசை கையில் சிக்கும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் புதிய சொல் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். அதன் கீழுள்ள 'மேற்கோள் காட்டியவை' இணைப்பில் முன்னோக்கியும், அதன் துணைநூல் பட்டியலில் பின்னோக்கியும் போனால் அரை மணியில் இருபது கட்டுரை சேரும்.

பணம் கேட்கும் கட்டுரை என்றால் முதலில் 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்துங்கள். ஆசிரியரே தம் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றியிருப்பார். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத் தளத்தில் சொந்தக் கணக்குத் தொடங்கினால் 30 நாளுக்கு 100 கட்டுரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம், இறக்க முடியாது. எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள் அங்கே உள்ளன. இந்தியக் கிராமப்புற ஆய்வுக்கு அது ஒன்றே பாதி நூலகம். அரசுக் கல்லூரியில் இருப்பவருக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வழியாக 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரிக்காரருக்கு முதல் கட்டத்தில் அது கிடையாது.

ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப்பாக உள்ளன. தமிழில் எழுதியவற்றில் பழைய எழுத்துரு சிக்கல் உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும், தேடலில் சிக்கவே சிக்காது. ஆகவே சொல்லால் தேடாமல் துறை, பல்கலைக்கழகம் என்று இறங்கிப் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். ஆய்வேடுகளின் பயன் முடிவுரையில் இல்லை. பின்னிணைப்பில் இருக்கும் கேள்வித்தாளிலும், எந்த ஊரை ஏன் எடுத்தார் என்ற இயலிலும்தான்.

இதழ் நம்பத்தக்கதா என்பதற்கு, இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். அத்தாட்சி ஆகாது. அது வண்டியின் பதிவெண் மாதிரி, ஓட்டுநரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இல் தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்து வந்த கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டது. ஆகப் பட்டியலை நம்பிப் பயனில்லை, இதழைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரே இதழில் நாட்டுப்புறவியலும் நானோ தொழில்நுட்பமும் அடுத்தடுத்து இருந்தால், அனுப்பிய மூன்றாம் நாள் ஏற்பு என்றால், மூடிவிடுங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துவதும் உண்டு. பதிப்பாளர் தளத்திலிருந்து உள்ளே போவது பாதுகாப்பு.

சாட்பாட்டிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் பக்க எண்ணோடு தரும். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும், அதாவது கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்ணையும், டிஓஐ தளத்தில் போட்டு, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் திறந்தாலும் வேறு கட்டுரைக்குப் போவது சகஜம்.

இறக்கிய அன்றே கோப்பு, கேள்வித்தாள், ரீட்மீ மூன்றையும் கணினியில் ஒரே கோப்புறையில் போட்டு, இறக்கிய தேதியைப் பெயரில் சேர்த்துவிடுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவைப் பலரும் வாங்கிவந்த, பல நாட்டுக் குடும்பநல ஆய்வுத் தரவுகளை வைத்திருக்கும் டிஎச்எஸ் தளம் 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றதும் தடுமாறியது. அப்போது தைரியமாக இருந்தவர்கள் ஏற்கெனவே வன்தட்டில் வைத்திருந்தவர்கள்தான். அரசுப் பக்கங்களின் முகவரியும் அடிக்கடி மாறும். மேற்கோள் காட்டும் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, அந்த முகவரியையும் அடிக்குறிப்பில் எழுதி வையுங்கள்.