மூணாவது வாட்டியும் புட்டுக்கிட்ட பாலம்

கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தோட மாடல் ஒண்ணு 1:500 அளவுல செய்றேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்ல, ரெண்டு டவரும் எழும்பி நிக்குது, 452 மீட்டர் நம்ம மேசையில 90 சென்டி சொச்சம். எட்டு முனை நட்சத்திரம், நடுவுல வர்ற வளைவு, அதெல்லாம் வெட்டி வெட்டி கை பழகிருச்சு. உயிர வாங்குறது 41, 42ஆவது மாடியில இருக்குற பாலம்தான். நெசத்துல 58 மீட்டர், நமக்கு 11.6 சென்டி. ரெண்டு பக்கமும் சூப்பர் க்ளூ வச்சு ஒட்டுவேன், சாயங்கால வெயில் சன்னல் வழியா அடிக்கும், போர்டு லேசா வளையும், மறுநாள் பார்த்தா ஒரு பக்கம் பேத்துக்கிட்டு தொங்கும். எபாக்சி பசை போட்டேன், அது அதவிட மோசம், டவரோட தோலையே உரிச்சுக்கிட்டு வந்துருச்சு!

அப்புறம்தான் மண்டையில உறைச்சது. அசல்லயே பாலத்த டவரோட இறுக்கிக் கட்டலயே. காத்துக்கு ரெண்டு டவரும் தனித்தனியா ஆடும், அதனால பாலத்தோட முனைங்க பேரிங் மேல வழுக்கிக்கிற மாதிரி விட்டுருக்காங்க, நடுவுல தாங்குறது 29ஆவது மாடியிலேர்ந்து சாஞ்சு ஏறுற காலுங்க. 750 டன்னையே அப்படி விட்டுருக்கானுங்க, நான் இருவது கிராம கெட்டியா ஒட்டியே தீருவேன்னு நின்னுருக்கேன்.

இப்ப பழைய சைக்கிள் ஸ்போக்ஸ நறுக்கி நாலு கால். கால மட்டுந்தான் ஒட்டினேன், பாலத்து முனைங்க மெழுகு தடவின சின்னத் தட்டு மேல சும்மா உட்கார்ந்திருக்கு, பக்கத்துக்கு ஒரு மில்லி சந்து. நாலும் ஒரே சாய்வுல வர்றதுக்குள்ள ரெண்டு ராத்திரி போச்சு, அட்டையில முக்கோணம் வெட்டி அதுல சாத்தி வச்சுத்தான் ஒட்ட முடிஞ்சது. பத்து நாளாச்சு, அசையல.

அக்கா பையன் வந்து "மாமா, அந்தப் பாலத்துல என்னா செய்வாங்க, சும்மா போட்டோ எடுக்கவா?"ன்னு கேட்டான். டூரிஸ்ட்டுக்கு அதான்டா, ஆனா ஆபீஸ்காரங்க லிஃப்ட் மாத்துற மாடி அது, ஒரு டவர்ல தீப்பிடிச்சா அடுத்த டவருக்கு ஓடுறதும் அது வழியாதான்னேன். உடனே ஒரு தீயணைப்பு வண்டி வேணுமாம்.

போர்டு வாங்கின கடையில மூணு மில்லின்னு சொல்லி ரெண்டர மில்லி குடுத்துட்டான், இனிமே ஸ்கேல் இல்லாம அந்தப் பக்கம் போறதா இல்ல. எல்ஈடி மட்டும் ஜாலான் பாசார் தெருவுல மலிவா கெடச்சது, இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள இங்கேயே இருக்குற இன்னொரு உயரமான டவர் மெர்டேக்கா 118க்கு கணக்குப் போட்டுப் பார்த்தேன், 678.9 மீட்டர், அதே அளவுல 136 சென்டி வருது. அம்மா இப்பவே சொல்லிட்டாங்க, சாமி மேடைக்குப் பக்கத்துல வைக்கக் கூடாதாம். இந்த ரெட்ட டவரோட உச்சி ஊசிக்கு இன்னும் பெயிண்ட்டே அடிக்கல லா.