நாலு மணிக்கே இருட்டும் ஊரில் பூட்டிய வீடு

லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். சனிக்கிழமை ஐந்தே முக்கால் வாக்கில் மறைந்த சூரியன் மறுநாள் நாலே முக்காலுக்கே போய்விடும். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப ஆறு, ஆறரை ஆகும். திருடனுக்கு இந்த இடைவெளி போதும். கோடையில் ஆள் இருக்கிறதா என்று அறிய அவன் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். இப்போது தெருவோடு ஒரு நடை நடந்தால், விளக்கு எரியாத வீடு எதுவென்று தெரிந்துவிடும்.

குளிர் வந்தால் எல்லாக் குற்றமும் கூடும் என்பது சரியல்ல. அடிதடி கோடையில்தான் அதிகம், களவு குளிர்காலத்தில் என்று பிரெஞ்சுக் கணக்குகளைப் பார்த்து பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெட்லே 1830-களிலேயே எழுதிவிட்டார். குளிரா, இருட்டா என்பதைப் பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் ஒரு வாய்ப்பு வந்தது. 2007-இல் அங்கே, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடை நேரத்தை மார்ச்சில் மூன்று வாரம் முன்னால் கொண்டுவந்தார்கள். குளிர் அப்படியே இருக்க, மாலை வெளிச்சம் மட்டும் ஒரு மணி நேரம் நீண்டது. வழிப்பறி ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்ததாக டோலியாக், சாண்டர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். காலையில் இருட்டு கூடியும் அந்நேரத்து வழிப்பறி கூடவில்லை. வழிப்பறிக்காரர்கள் சீக்கிரம் எழுவதில்லை போலும்.

ஆக, வேலை விளக்கில்தான். பிளக்கில் செருகும் டைமரே போதும், ஆனால் அதை வைக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அக்டோபரில் 4.45-க்கு வைத்ததை அப்படியே விட்டால், டிசம்பர் 21 வாக்கில் சூரியன் 3.53-க்கே மறைவதால் வீடு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருட்டாகக் கிடக்கும். முள் திருகும் பழைய டைமர் மின்சாரம் போனால் அவ்வளவு நேரம் பின்தங்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். வாசல் நடையில் மட்டும் விளக்கு எரிந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். முன்னறையில் ஒன்று, மாடியில் அரை மணி தள்ளி ஒன்று என்று வையுங்கள். திரை திறந்திருந்தால் வெளிச்சமே காலி அறையைக் காட்டிக் கொடுக்கும். பிளைண்ட் பட்டைகளைச் சாய்த்து விடுங்கள்.

தீபாவளியும் இந்த வாரங்களை ஒட்டியே வருகிறது. நம்மவர் வீட்டில் 22 காரட் நகை இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். போலீஸும் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. வீட்டுக் காப்பீட்டில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். தாலிக்கொடியின் எடையையும் படத்தையும் கொடுத்துத் தனியாகப் பதியாவிட்டால் முழு மதிப்பும் கிடைக்காது.

காலையில் வேறொன்று. கார்க் கண்ணாடியில் உறைந்த பனி உருகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். வண்டி போனால் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் ஐந்து நிமிடம் சுரண்டினால் போதும். கொதிநீர் மட்டும் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.