எம்சி ஏற்றும் பட்டனில்தான் நான் முதலில் கை வைப்பேன்

நிறுவனங்களின் இணையச் செயலிகளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. பெரும்பாலும் சிங்கப்பூரின் உபி, காக்கி புக்கிட், துவாஸ் பக்கத்துச் சின்ன நிறுவனங்கள். எந்தச் செயலியைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது கோப்பு ஏற்றும் பட்டனை. விடுப்புக்கு எம்சி என்கிற மருத்துவச் சான்றிதழ், கிளெயிமுக்கு ரசீது, வேலைக்குச் சேரும்போது பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட் என்று இங்கே எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துத்தான் ஏற்றுகிறார்கள்.

சமீபத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விடுப்புச் செயலி வந்தது. அதை எழுதிய தம்பி திருச்சிக்காரர். "ஜேபிஜி, பிடிஎஃப் தவிர வேற எதையும் எடுக்காதுக்கா, செக் போட்டிருக்கேன்" என்றார். போட்டிருந்தார்தான், ஆனால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் பர்ப் சூட் என்ற சோதனைக் கருவியை வைத்து, பிரவுசரைத் தாண்டி வந்த கோரிக்கையைப் பிடித்தேன். கோப்பின் பெயரில் கடைசியில் இருந்த ஜேபிஜியை, சர்வரில் ஓடும் நிரல்மொழியின் பெயரான பிஎச்பி என்று மாற்றி, உள்ளே இன்றைய தேதியைக் காட்டும் ஒரே ஒரு வரியை எழுதி அனுப்பினேன். 'இது படம்' என்று சொல்லும் கன்டென்ட்-டைப் வரியைத் தொடவில்லை. அது பார்சல்மேல் அனுப்புகிறவரே எழுதி ஒட்டுகிற சீட்டு. சர்வர் அதை நம்பி, கோப்பை வெப்சைட்டுக்குள்ளேயே இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டது. அந்த முகவரியைத் திறந்ததும் திரையில் தேதி வந்தது. சர்வர் என் கோப்பை வெறுமனே காட்டவில்லை, நிரலாக ஓட்டியிருக்கிறது.

தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப இந்த வரிக்குப் பதிலா வேற என்ன வேணும்னாலும் எழுதலாமாக்கா?"

எழுதலாம். அதைத்தான் வெப் ஷெல் என்கிறார்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் கோப்பைப் படிக்கலாம், பக்கத்து ஃபோல்டரைத் திறக்கலாம். அந்தப் பக்கத்து ஃபோல்டரில் ஊழியர்களின் பாஸ்போர்ட் நகல்கள் இருந்தன. புதுக்கோட்டையிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள், சூப்பர்வைசர் கேட்டார் என்று படம் பிடித்துக் கொடுத்தவை. அவை வெளியே போனால் அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இந்த ஓட்டையை நான் விடாமல் துரத்துவது அதனால்தான்.

பிஎச்பியை மட்டும் தடுத்தால் தீராது. சர்வர் அமைப்பைப் பொறுத்து, பெயரின் கடைசியில் பிஎச்டிஎம்எல், ஃபார் என்ற நீட்டிப்புகள் உள்ள கோப்புகளும் ஓடும். அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில், அந்த ஃபோல்டரின் விதிகளைச் சொல்லும் எச்டிஆக்சஸ் கோப்பை ஏற்றி விதியையே மாற்றலாம். தொடக்கத்தில் ஜிஐஎஃப் படங்களின் அடையாளமான ஜிஐஎஃப்89ஏ என்று எழுதிவிட்டால் முதல் சில எழுத்துகளை மட்டும் பார்க்கும் சோதனை ஏமாந்துபோகும். எஸ்விஜி வகைப் படத்துக்குள், பார்ப்பவரின் பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்டே வைக்கலாம்.

பெரிய மென்பொருள்களும் தப்பவில்லை. 2025 ஏப்ரலில், பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி நெட்வீவர் மென்பொருளின் விஷுவல் கம்போசர் என்ற பகுதியில், லாகின் செய்யாமலேயே யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றலாம் என்பது வெளியானது. தீவிரம் 10க்கு 10. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்மார்ட்டர்மெயில் மின்னஞ்சல் சர்வரிலும் இதே வகை ஓட்டை, அதே 10. நம் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஏ எச்சரிக்கை விட்டது.

ஆன்ட்டிவைரஸ் போட்டால் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடுங்கள், ஆனால் புதிதாக எழுதிய ஒற்றை வரி அதில் சிக்கும் என்று நம்பாதீர்கள். தம்பியிடம் முதலில் மாற்றச் சொன்னது இடத்தை. கோப்புகள் வெப்சைட் ஃபோல்டருக்கு வெளியே போகட்டும். லாகினையும், கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டா என்பதையும் சரிபார்த்த பிறகே கோப்பு வெளியே வரட்டும். அடுத்தது பெயர். பயனர் தந்த பெயரைத் தூக்கிப்போட்டு, பெயரையும் நீட்டிப்பையும் சர்வரே வைக்க வேண்டும். அனுமதிக்கும் வகைகளின் பட்டியலைச் சர்வரில் வைத்து, படங்களைத் திறந்து புதிதாகச் சேமித்தால் ஒளித்துவைத்த நிரல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எம்சி படத்தில் ஒட்டிக்கொண்டு வரும் இருப்பிடத் தகவலையும் அப்போதே நீக்கிவிடலாம்.

பழைய கோப்புகளை நகர்த்தும்போது ஒவ்வொன்றும் உண்மையில் படமா, பிடிஎஃபா என்று பாருங்கள். அந்நியக் கோப்பு ஏதாவது இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். நகலும் சர்வர் பதிவுகளும் விசாரணைக்கு வேண்டும். 2021 பிப்ரவரி முதல் இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது: கசிவு 500 பேரையோ அதற்கு மேலோ பாதித்தால், அல்லது பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய தீங்கு வரக்கூடும் என்றால், அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவானதிலிருந்து 3 நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும்.