குன்றிமணி இருநூறு கிராமைத் தாண்டினாள்

பத்தொன்பதாம் நாளான இன்று காலை குன்றிமணியின் எடை 204 கிராம். கூடப் பிறந்த மூவரும் 290-ஐ ஒட்டி நிற்கும்போது இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் பிறந்த அன்று 71 கிராமாக இருந்து, மூன்றாம் நாள் மாலையிலும் 72-ஐத் தாண்டாமல் கிடந்த பூனைக்குட்டி இவள் என்பதால், நடந்ததை எழுதிவைக்க விரும்புகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், மார்கழி தொடங்கிய வாரத்தில் மூவண்ணப் பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. மூன்று குட்டிகள் 96, 101, 104 கிராம் இருந்தன. நான்காவதைப் பார்த்தவுடன் குன்றிமணி என்று பெயரிட்டவர் என் மாமியார். குன்றிமணி விதையை எடைக்கல்லாக வைத்து நிறுத்த காலத்தை அறிந்த, வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. என்னைக் குழப்பியது ஒன்றே ஒன்றுதான்: குட்டி காம்பை விடாமல் பிடித்திருந்தாள், முன்னங்கால்களால் பிசைந்துகொண்டே இருந்தாள், ஆனால் எடை மட்டும் ஏறவில்லை. நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் ஏற வேண்டிய வயதில் மூன்று நாளில் ஒரு கிராம் என்பது, அவள் வாயில் காம்பு இருக்கிறதே தவிரப் பால் இறங்கவில்லை என்பதற்கு அடையாளம் என்று சந்தேகித்தேன்.

சந்தேகத்தை உறுதிசெய்யப் பாலூட்டலுக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் குறைவானதைக் காட்டாது என்பதால், மைத்துனரின் பட்டறையில் கூடுதலாக இருந்த, 0.01 கிராம் வரை காட்டும் தராசைக் கேட்டு வாங்கினேன். “மாமா, வெள்ளி வைக்கிற தட்டுல பூனையையா வைக்கிறது?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாலும் கொடுத்துவிட்டார். வெள்ளிக்குச் செய்த அந்தத் தராசு உயிருள்ள பொருளை நிறுக்கும்போது படுத்துகிற பாடு சொல்லி மாளாது. மின்விசிறி ஓடினால் எண் ஆடுகிறது. மேசையில் முழங்கை பட்டால் ஆடுகிறது. குட்டி மூச்சு விட்டாலும் ஆடுகிறது. எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தால் உலோகத்தின் குளிர்ச்சி தாங்காமல் குட்டி கத்திப் புரள்வதால், பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் என் மங்கி குல்லாவை விரித்து, அதை முதலில் தட்டில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி குட்டியை உள்ளே செருகினேன். அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறாள். அப்போதும் கடைசி இலக்கத்தை நம்பாமல், ஐந்து முறை பார்த்து நடுவில் நிற்கும் எண்ணையே குறித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு செய்தும் முதல் நாள் கணக்கு முழுவதும் தவறாகிப்போனது. பால் குடித்த பிறகு பெரிய குட்டி ஒன்று எடை குறைந்ததாகத் தராசு காட்டியது. காரணம் பிடிபட ஒரு பகல் ஆயிற்று. பிறந்த குட்டிகள் தாமாகச் சிறுநீர் கழிப்பதில்லை. பாலூட்டும்போதே தாய் பின்புறத்தை நக்கித் தூண்டும், வெளிவருவதை அதுவே விழுங்கிவிடும். உள்ளே போன பாலும் வெளியே போன நீரும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் தராசு என்ன செய்யும்? அதன்பின், முதல் முறை நிறுப்பதற்கு முன்பே வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு குட்டியையும் மெல்லத் தடவிக் கழிக்கவைத்தேன். தாய் நக்கியதால் ரோமத்தில் ஏறும் ஈரத்தையும் துணியால் ஒற்றி எடுத்தேன். இப்போது எண்கள் பேசின. இருபது நிமிடத்தில் பெரிய குட்டிகள் மூன்று, மூன்றரை கிராம் குடித்திருக்க, குன்றிமணி குடித்தது 0.6 கிராம்.

படுத்திருந்த தாயைக் கவனித்தபோது காரணமும் தெரிந்தது. எங்கள் பூனைக்குப் பின்பக்கக் காம்புகளில்தான் பால் நிறைய இருக்கிறது. மூன்று தடியர்களும் அவற்றை முதல் இரண்டு நாளிலேயே சொந்தமாக்கிக்கொண்டு, இவளை மார்புப் பக்கம் இருந்த வற்றிய காம்புக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். எனவே நாளைக்கு ஐந்து முறை மூவரையும் எடுத்து வேறு பெட்டியில் வைத்து, குன்றிமணியைத் தனியாகக் கடைசிக் காம்பில் இருபது நிமிடம் விட்டேன். முதல் முறை பெட்டியை அடுத்த அறைக்குக் கொண்டுபோனது என் முட்டாள்தனம். தாய் எழுந்துபோய் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கி வந்துவிட்டது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு அந்தப் பெட்டியைத் தாயின் மூக்குக்கு எட்டும் இடத்திலேயே வைத்த பிறகு அது நிம்மதியாகப் படுத்தது. தனியாகக் குடித்த முதல் முறையே 1.8 கிராம்.

அது போதாதென்று மருத்துவர் சொன்னதால், ஒவ்வொரு முறையும் முடிவில் பூனைக்குட்டிக்கான பால்மாவு கரைத்து 1 மில்லி வரை சிரிஞ்சில் கொடுத்தேன். நூறு கிராம் குட்டியின் வயிறு ஏறத்தாழ நான்கு மில்லிதான் கொள்ளும் என்பதால் ஆசைக்கு ஊட்ட வழியில்லை. முதல் இரவு நான் அவசரப்பட்டு அழுத்தியதில் பால் மூக்கு வழியாக வந்துவிட்டது. நுரையீரலுக்குள் போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இப்போது குப்புற வைத்து, தலையைச் சற்றே உயர்த்தி, சொட்டுச் சொட்டாக, அவள் நாக்கை அசைத்த பிறகே அடுத்த சொட்டு. உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் என் வயிற்றோடு அணைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஊட்டுவேன். குளிர்ந்த குட்டிக்குச் செரிமானம் நடக்காது.

பால்மாவு வாங்கிய கதை தனி. இங்கே ஒரு கடையில் நாய்க்குட்டிக்கான மாவை எடுத்துவைத்து எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். இன்னொன்றில் காலாவதியான டப்பாவை நீட்டினார்கள். ‘பசும்பாலே போதுமே’ என்ற அறிவுரை மட்டும் எங்கும் இலவசமாகக் கிடைத்தது. அது வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார். ஒன்பதாம் நாள், சீக்கிரம் தேற்றிவிடலாம் என்று மாவைச் சற்றுக் கெட்டியாகக் கரைத்தேன். பலன், மலச்சிக்கலும் ஒரு கிராம் எடைக்குறைவும். மறுநாளே டப்பாவில் சொன்ன அளவுக்குத் திரும்பினேன்.

தாய்க்கும் தீனியைக் கூட்டினேன். மேட்டூர் அணையிலிருந்து வரும் ஜிலேபிக் கெண்டையை வேகவைத்து, முள் நீக்கி, நாளைக்கு நான்கு வேளை. இடையிடையே கோழி ஈரலும். முள் எடுப்பதற்கே காலையில் அரை மணி போகிறது. குட்டிகள் பால் மறந்தபின் அதற்குக் கருத்தடை செய்துவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமியார் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மற்றவர்கள் ஒன்பதாம் நாள் கண் திறந்தார்கள். இவள் பன்னிரண்டாம் நாள். ஏழாம் நாள் 91, பத்தாம் நாள் 112, பதினான்காம் நாள் 153 என்று ஏறியிருக்கிறாள். நேற்று மாலை நான் மூவரையும் பிரிக்கும் முன்பே, மூத்தவன் முகத்தில் காலை ஊன்றிக் கடைசிக் காம்பைப் பிடித்திருந்தாள். பொங்கல் விற்பனைக்குத் தராசு வேண்டும் என்று மைத்துனர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். அதனால் நாளை முதல் பகல் நேரச் சிரிஞ்சுப் பாலை நிறுத்திப் பார்க்கப் போகிறேன். ஒரு நாளில் எட்டு கிராமாவது ஏறவில்லை என்றால் சிரிஞ்சும் திரும்ப வரும், தராசும் பட்டறைக்குப் போகாது.