கொழுந்துத் தராசும் கழிவுக் கிலோவும்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு கொழுந்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. இருக்கிற பாரத்தைக் காட்டும். தன்மதிப்பும் அப்படித்தான் என்றார்கள் உளவியலாளர் மார்க் லியரியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், 1995இல். சுற்றியிருப்பவர்கள் நம்மை எவ்வளவு தூரம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று காட்டும் முள் அது. "நீ கெட்டிக்காரன்" என்று ஓயாமல் சொல்வது முள்ளை விரலால் தள்ளுவது மாதிரி. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் இன்னொரு சிக்கல், கழிவு. சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிப்பதுபோல, தோட்டத்து மக்களை இழிவாக அழைக்கும் "தோட்டக்காட்டான்" என்ற ஒரு சொல் ஆளின் பாரத்தில் கழிக்கிறது. கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பொடியன் "ஊரு ஹட்டன் டவுன்" என்று சொல்லி தன் தோட்டத்து டிவிஷன் பெயரை விழுங்குவது இதனால்தான்.

தான் சேர்ந்த கூட்டத்தை வைத்து வரும் தன்மதிப்பை அளக்க, உளவியலாளர்கள் லுஹ்டானெனும் குரோக்கரும் 1992இல் வெளியிட்ட அளவுகோலில் 16 கூற்றுகள், நான்கு கூறுகள். என் கூட்டத்துக்கு நான் பயன்படுகிறேனா. கூட்டத்தைப் பற்றி எனக்கு என்ன எண்ணம். வெளியார் எப்படிப் பார்க்கிறார்கள். நான் யார் என்பதில் அதற்கு எவ்வளவு இடம். இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. 2023இல் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதனால் இரண்டாவது உடனே உயரலாம். மூன்றாவது ஒரு நடையில் மாறாது.

நம் இளைஞர் மன்றங்கள் கோட்டை விடுவது முதலாவதில். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வருஷக்கணக்காக அதே ஆட்கள். புதுப் பிள்ளைக்குக் கதிரை தூக்கும் வேலை மட்டும். பெயர்ப்பட்டியலில் இருப்பது சேர்ந்திருப்பது ஆகாது. சேர்ந்த மாதமே ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பது, திருவிழாச் சாமான் பட்டியலை வைத்திருப்பது. அவர் வராவிட்டால் வேலை நிற்க வேண்டும், அதுதான் அளவு. ஆறு மாதத்தில் பொறுப்பை மாற்றுங்கள்.

ஒரே கூட்டத்தில் ஒட்டிக்கொள்வதும் ஆபத்து. தொழிற்சங்கம் ஒன்றையே உலகமாக்கிக்கொண்டவர், தலைவரோடு முறைத்தால் ஒரே நாளில் வெறுங்கூடை ஆகிவிடுவார். கோயில், கிரிக்கெட், படிப்பு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

கழிவைத் தாங்க மனசு செய்யும் தந்திரங்கள் மூன்று என்று 1989இல் குரோக்கரும் மேஜரும் எழுதினார்கள். பழியை எதிராளியின் பாரபட்சத்தில் போடுவது, தன் ஆட்களோடு மட்டும் ஒப்பிடுவது, தன் கூட்டம் பின்தங்கிய துறையையே பெரிதாக எண்ணாமல் விடுவது. மூன்றாவதில்தான் நஷ்டம் அதிகம். "படிச்சு என்னத்தக் கண்டோம்?" என்ற பேச்சு தன்மதிப்பைக் காப்பாற்றும், ஏ.எல். (உயர்தர) வகுப்பைக் காலியாக்கும். அதற்கு அறிவுரை எடுபடாது. அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்து பாஸான அக்காவையோ அண்ணனையோ சனிக்கிழமை பின்னேரம் ஒரு கணக்குப் புத்தகத்தோடு வாசிகசாலையில் உட்காரச் சொல்லுங்கள்.