கொட்டகையில் கிடந்த புல்லட்

மே 3

சோழவந்தானில் மாமா வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாகக் கிடந்த புல்லட்டை லோடு ஆட்டோவில் ஏற்றித் திருப்பரங்குன்றம் கொண்டுவந்தாயிற்று. 350 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர். பார்த்த மெக்கானிக் அண்ணன், "இன்ஜினை இறக்கி போர் போட்டுருவோம் தம்பி" என்றார். எனக்கு மனசு வரவில்லை. போர் போடுவது என்றால் சிலிண்டர் சுவரைக் கடைந்து எடுப்பது. கடைந்த இரும்பு திரும்பி வராது. முதலில் அழுக்கை எடுப்போம், கெட்டிருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

மே 4

கிக்கர் அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி ஊற வைத்திருக்கிறேன். இந்த நிலையில் ஏறி மிதிக்கக் கூடாது. ஒட்டிக் கிடக்கும் பிஸ்டன் ரிங் ஒடிந்தால் சுவரைக் கீறிவிடும். சைலன்சர் முனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி சேர்த்த வைக்கோல்.

மே 6

டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். முதலில் ஒரு விரல்கடை அசைந்தது, பிறகு இன்னும் கொஞ்சம், கடைசியில் முழுச் சுற்று! ஆயிலைத் திறந்துவிட்டால் வந்ததில் பாதிதான் ஆயில், மீதி கறுத்த கசடு. டீசலில் அலசி, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ50 இன்ஜின் ஆயில் ஊற்றினேன்.

மே 10

கத்திரி வெயிலில் நாள் முழுக்க, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்தான். மிதவைக் கிண்ணத்தைத் திறந்ததும் பழைய பெட்ரோலின் புளித்த வாடை. பெட்ரோல் ஆவியாகிப்போய், அடியில் வேப்பம்பிசின் மாதிரி பழுப்பாக இறுகியிருந்தது. பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தேன், துளையே தெரியவில்லை. கிளீனரில் ஊறவைத்து, கரன்ட் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியை உள்ளே விட்டேன். ஜெட் பித்தளை. இரும்பு ஊசியால் குடைந்தால் துளை பெரிதாகி, பெட்ரோல் கூடுதலாகப் போகும். நிறையப் பேர் அப்படித்தான் குடைகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. மூன்றாவது முறை ஊறவைத்த பிறகு சின்ன வட்டமாக வெளிச்சம் வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

டேங்குத் துருவுக்கு டீசலும் ஒரு கைப்பிடி நட்டும் போட்டுக் குலுக்கி எடுத்தேன்.

மே 11

பிளக்கில் தீப்பொறி வர வைக்கும் கான்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து, இடைவெளி 0.4 மி.மீ. வைத்தேன். வால்வுகளை இயக்கும் டேப்பட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் சரி செய்ய வேண்டும். அதன் மேல் நிற்கும் கம்பியான புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

சாயங்காலம் சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, ஒரே மிதி. பிடித்துக்கொண்டது! உள்ளே ஊற்றிய ஆயில் எரிந்து தெருவே புகை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

மே 17

திருமங்கலம் வரை போய் வந்தேன். பிளக் இளம்பழுப்பு, சைலன்சரில் நீலப்புகை இல்லை, அதாவது உள்ளே ஆயில் எரியவில்லை. போர் போட வேண்டியதில்லை என்று மெக்கானிக் அண்ணனும் ஒப்புக்கொண்டார். சிலிண்டர் ஹெட் ஓரம் ஆயில் கசிகிறது. இடையில் வைக்கும் கேஸ்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் அதைப் பார்க்க வேண்டும்.